கருவியின் பிழையும் காட்சியின் உண்மையும்: மலைநாட்டுப் படப்பதிவு பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

பழைய ஓலைச் சுவடிகளில் மெய்யெழுத்துகள் பெரும்பாலும் புள்ளியின்றியே காணப்படும். எகரமும் ஏகாரமும், ஒகரமும் ஓகாரமும் வேறுபாடின்றி எழுதப்பட்டிருக்கும். இவை எழுதினோரின் அறியாமையால் நேர்ந்தவை அல்ல. எழுத்தாணியாற் புள்ளி குத்தின் ஓலை பொத்துப் பிளவுறும் என்பதை அறிந்தே அவர்கள் அதனைத் தவிர்த்தனர். சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இற் கலித்தொகையையும், உ. வே. சாமிநாதையர் அதே ஆண்டிற் சீவகசிந்தாமணியையும் அச்சேற்றியபொழுது, அவர்கள் ஏற்ற பெரும் பணிகளுள் ஒன்று இதுவே: ஓலையின் இயல்பாற் பிறந்தது எது, பெயர்த்தெழுதினோன் கையாற் பிறந்தது எது, நூலாசிரியன் சொல் எது என்று பிரித்தறிதல். எழுதப்பட்ட பொருளின் இயல்பை அறியாதவர்க்கு இப்பணி கைகூடாது.

வரலாற்றுச் சான்றுகள் இக்காலத்தில் ஓலையிலிருந்தும் தாளிலிருந்தும் பெயர்ந்து அசையும் படங்களாகப் பெருகி வருகின்றன. படம் பொய் சொல்லாது என்னும் நம்பிக்கை மக்களிடையே ஆழ வேரூன்றியுள்ளது. ஆயினும், ஓலைக்கு ஓர் இயல்பு இருந்தது போலவே கமராவுக்கும் ஓர் இயல்பு உண்டு. காட்சியில் இல்லாத கோலங்களையும் நிறங்களையும் வளைவுகளையும் அது தானே படத்திற் சேர்த்துவிடுகிறது. 2008ஆம் ஆண்டின் பின்னர் உலகெங்கும் பரவிய டி.எஸ்.எல்.ஆர். கமராக்களின் வீடியோப் பதிவில் இக்குறைகள் மிகுதியாகக் காணப்பட்டன. நிரை நிரையாக அமைந்த தேயிலைச் செடிகளும், நெளிதகரக் கூரையிட்ட லயங்களும், இடையறாத மூடுபனியும், சுழலும் இயந்திரங்களும் நிறைந்த ஹற்றன், நுவரெலியாப் பகுதிகளோ அக்குறைகள் அனைத்தையும் ஒருங்கே வெளிப்படுத்தத்தக்க நிலம் ஆகும்.

மலைநாட்டைப் பொறுத்தவரையில் இது படப்பிடிப்பாளரின் தொழில் நுணுக்கம் மாத்திரம் அன்று. தோட்டத் தொழிலாளரின் வரலாறு பதிவுகளின் குறையாற் பெரிதும் துன்புற்ற வரலாறு. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தால் அம்மக்களுட் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானிய வதிவோர் குடியுரிமைச் சட்டத்தின்கீழ் விண்ணப்பித்தோர், தாம் இந்நாட்டில் இடையறாது வாழ்ந்தமையைச் சான்றுகளால் நிறுவவேண்டியிருந்தது. விண்ணப்பித்தோருள் ஒரு சிறு பகுதியினரே ஏற்றுக்கொள்ளப்பட்டனர். 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரையில் அச்சிக்கல் நீண்டது. சான்றின் மதிப்பை இங்ஙனம் பட்டறிந்த ஒரு சமூகம் தன் கூத்தையும் தொழிலையும் முதியோர் வாய்மொழியையும் இன்று படமாகப் பதிந்து வைக்கின்றது. அப்பதிவில் மெய்யெது, கருவியின் சேர்க்கை யெது என்பதைப் பிற்காலத்தார் அறியக்கூடியதாக இருத்தல் வேண்டும்.

கருவியின் பிழை மலைநாட்டுக்குப் புதியதன்று. 1833ஆம் ஆண்டின் சீர்திருத்தங்களுக்கு வழிகோலிய கோல்புறூக்–கமரன் ஆணைக்குழுவின் உறுப்பினர் சாள்ஸ் ஹே கமரன் என்பதை மாணவர் அறிவர். அவருடைய மனைவியாராகிய ஜூலியா மாகரெட் கமரன் அம்மையார் 1815இற் கல்கத்தாவிற் பிறந்தவர். தம் 48ஆம் வயதிற் படக்கருவியைக் கையேற்று, ஆங்கில நாட்டிற் பெரும் புகழெய்தியவர். 1875இற் கணவருடன் இலங்கைக்கு வந்த அவர், 1879 ஜனவரியில் டிக்கோயாப் பள்ளத்தாக்கிலுள்ள கிளென்கேர்ன் தோட்டத்திற் காலமானார். பொகவந்தலாவை புனித மரியாள் ஆலய முற்றத்தில் அவருடைய கல்லறை உளது. இலங்கையில் அவர் எடுத்த படங்களுள் இன்று எஞ்சியிருப்பவை முப்பதுக்கும் குறைவானவையே.

அம்மையார் கையாண்டது 1851இல் பிரெடெறிக் ஸ்கொற் ஆச்சர் வெளியிட்ட ஈரக் கொலோடியன் முறை. கண்ணாடித் தகட்டிற் கொலோடியன் பசையைப் பூசி, வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் தோய்த்து, ஈரம் உலருமுன் படமெடுத்து, உலருமுன்பே கழுவுதல் வேண்டும். வெப்பநாட்டில் ஈரம் விரைவில் உலரும். பசை ஒழுகிய கோடும், தூசியின் புள்ளியும், விரல் பட்ட அடையாளமும் தகட்டில் நிலைத்துவிடும். அம்மையாரின் படங்களில் இவை நிறைய உண்டு. அக்காலத்து விமரிசகர் அவற்றைக் கவனக்குறைவு என்று பழித்தனர். பிற்காலத்தார் அவற்றையே அழகென்று போற்றினர். கண்ணுக்கு எளிதிற் புலனாகும் இக்கறைகளிலும் கவனிக்கத்தக்க பிறிதொரு குறை அம்முறையில் இருந்தது. கொலோடியன் நீலத்துக்கும் ஊதாவுக்கும் மாத்திரமே இணங்குவது. சிவப்பையும் மஞ்சளையும் அஃது உணராது. அதனால் நீலவானம் வெறும் வெள்ளையாகவும், பச்சையிலை கருமையாகவும், மாநிற மேனி உண்மையினும் இருண்டதாகவும் படத்தில் விழுந்தன. அக்காலப் படமொன்றிலே தொழிலாளர் முகம் இருண்டிருப்பதைக் காண்போர், அதில் எவ்வளவு அவர் மேனியின் நிறம், எவ்வளவு தகட்டின் குறை என்று ஆராய்ந்தபின்னரே ஒரு முடிவுக்கு வருதல் தகும்.

அசையும் படத்திலும் இந்நிலையே தொடர்ந்தது. இலங்கைத் தேயிலைப் பிரசார சபையின் பொருட்டு பேசில் றைற் இயக்கிய ‘சோங் ஒவ் சிலோன்’ என்னும் படம் 1934இல் வெளிவந்தது. காட்சிகள் இந்நாட்டில் எடுக்கப்பெற்றன. ஒலியோ பின்னர் இலண்டனில் அமைக்கப்பெற்றது. இதனை அறியாதார் காட்சியோடு கேட்கும் ஒலியை அவ்விடத்து ஒலியென்றே கொள்வர். 1982 பெப்ரவரியில் ரூபவாகினி தன் ஒளிபரப்பைத் தொடங்கியபொழுது, நுவரெலியாவின் பீதுருதலாகலை மலையுச்சி ஒளிபரப்பு நிலையமாயிற்று. மலைச்சரிவுகளில் மோதித் திரும்பும் அலை சற்றுப் பிந்தி வந்து சேரும் இடங்களிலே, உருவத்தின் அருகில் மங்கலான இரண்டாம் உருவமொன்று திரையில் தோன்றும். நிழலுரு என்று வழங்கிய அக்குறை, மலைநாட்டின் நில அமைப்பே தொலைக்காட்சியில் எழுதிய எழுத்தாகும்.

இனி, டி.எஸ்.எல்.ஆர். கமராவின் வரலாறு நோக்கத்தக்கது. இது அசையாப் படம் எடுப்பதற்கென்றே அமைக்கப்பட்ட கருவி. 2008 ஆகஸ்ற்றில் அறிவிக்கப்பெற்ற நிக்கொன் டி90 வீடியோ எடுக்கவல்ல முதல் டி.எஸ்.எல்.ஆர். ஆகும். அடுத்த மாதத்தில் அறிவிக்கப்பெற்ற கனன் 5டி மார்க் 2, முழு அளவு உணரியுடன் 1920க்கு 1080 புள்ளிகள் கொண்ட வீடியோவைத் தந்தது. சினிமாக் கருவியின் விலையில் ஒரு சிறு பங்குக்கு, பின்னணியை மங்கச்செய்து முகத்தைத் துலங்கக் காட்டும் படம் கிடைத்தமையால் உலகம் வியந்தது. 2010இல் ‘ஹவுஸ்’ என்னும் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் ஓர் அங்கம் இக்கருவியால் எடுக்கப்பெற்றது. தமிழில் பாலாஜி சக்திவேல் இயக்கி 2012இல் வெளிவந்த ‘வழக்கு எண் 18/9’ கனன் 7டி கமராவாற் படமாக்கப்பெற்றது. பெருநிறுவனங்களின் துணையில்லாத இளைஞரும் இக்கருவிகளால் தம் ஊரையும் தொழிலையும் படமாக்க முடிந்தது.

குறைகளின் மூலகாரணம் மேற்கூறிய கனன் கருவியின் அளவிலேயே அடங்கியுள்ளது. அதன் உணரியில் 5616 நிரல்களும் 3744 வரிகளும் உள. வீடியோவுக்கு வேண்டியவை 1920 நிரல்களும் 1080 வரிகளுமே. ஒரு செக்கனில் முப்பது தடவை உணரி முழுவதையும் படித்துச் சுருக்கும் ஆற்றல் அக்காலக் கமராவுக்கு இருக்கவில்லை. ஆதலால் அது ஏறத்தாழ மூன்று வரிகளில் ஒன்றை மாத்திரம் படித்து, ஏனையவற்றை விட்டுவிட்டது. ஒரு மலையில் மூன்று நிரைக்கு ஒரு நிரை மாத்திரம் கொழுந்தெடுத்து, முழு மலையின் விளைவும் இதுவே என்று கணக்கெழுதினாற் போன்றது இச்செயல். விடப்பட்ட நிரைகள் எடுக்கப்பட்டவற்றைப் போலவே இருக்குமாயின் கணக்கு ஒருவாறு பொருந்தும். இல்லையேற் கணக்கே பொய்யாகும்.

இப்பொய் எவ்வாறு உருவெடுக்கின்றது என்பதை நெளிதகரக் கூரையைக் கொண்டு விளக்கலாம். படத்தின் ஒரு பகுதியிலே தகரத்தின் நெளிவுகள் 100 உள்ளன என்க. ஒவ்வொரு மேட்டையும் பள்ளத்தையும் பிரித்துக்காட்டக் குறைந்தது 200க்கு மேற்பட்ட மாதிரிகள் வேண்டும். ஹரி நைக்குவிஸ்ற் 1928இலும் குளோட் சனன் 1949இலும் வெளியிட்ட ஆய்வுகள் நிறுவிய விதி இதுவே. கமரா 110 மாதிரிகளை மாத்திரம் எடுக்குமாயின், 100 நெளிவுகள் மறைந்து, அவற்றின் இடத்தில் 10 அகன்ற அலைகள் தோன்றும். அவ்வலைகள் தகரத்தில் இல்லை. இரு எண்களின் வேறுபாட்டிலே பிறந்தவை. இரு நுளம்புவலைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பிடித்து நோக்குவார்க்கும் இத்தகைய அலைக்கோலம் தோன்றும். இதனை மோய்ரே என்பர். பளபளக்கும் அலையோட்டமுடைய ஒருவகைப் பட்டுத்துணிக்குப் பிரெஞ்சு மொழியில் வழங்கும் பெயரே இதற்கும் ஆயிற்று. கோடுகள் செறிந்த இரு தகடுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் இவ்வலைகள் தோன்றுமென்பதை 1874இலேயே இறேலிப் பிரபு ஆராய்ந்தனர்.

லயக்கூரை மாத்திரமன்றி, தூரத்துத் தேயிலை நிரைகளும், கொழுந்துக் கூடையின் பின்னலும், சட்டையின் நுண்கட்டங்களும் இக்கோலத்தை எழுப்பும். கமரா மெல்லத் திரும்புங்கால் அவ்வலைகள் கூரைமேல் ஊர்ந்து செல்வதுபோற் காணப்படும். இதனோடு பொய்நிறமும் சேர்கின்றது. கொடக் நிறுவனத்தைச் சேர்ந்த பிறைஸ் பேயர் 1976இல் உரிமைச்சான்று பெற்ற அமைப்பின்படி, உணரியின் புள்ளிகளில் அரைப்பங்கு பச்சையையும், காற்பங்கு சிவப்பையும், காற்பங்கு நீலத்தையும் உணர்வன. ஒரு புள்ளி உணராத நிறங்களை அயற்புள்ளிகளைக் கொண்டு கமரா ஊகித்துக்கொள்கின்றது. வரிகள் விடப்படுங்கால் அவ்வூகம் தவறி, வெண்தகரத்தில் ஊதாவும் பச்சையும் பட்டைகளாகத் தோன்றும். மிக நுண்ணிய விவரங்களைச் சற்று மங்கச்செய்து இக்கேட்டைத் தடுக்கும் வடிகட்டியொன்று உணரியின்முன் இருந்தது உண்மை. ஆயின் அஃது அசையாப் படத்தின் அளவுக்கு அமைந்ததாகலின் வீடியோவுக்குப் பயன்படவில்லை.

இரண்டாவது குறை காலத்தைப் பற்றியது. உணரியின் வரிகள் மேலிருந்து கீழாக ஒன்றன்பின் ஒன்றாகப் படிக்கப்படுகின்றன. மேல்வரி படிக்கப்பட்ட கணமும் கீழ்வரி படிக்கப்பட்ட கணமும் வேறானவை. அந்த இடைவெளி செக்கனின் ஒரு சிறு கூறாயினும், அதற்குள் காட்சி நகர்ந்துவிடும். ஓடும் மலைநாட்டுப் புகையிரதத்திலிருந்து பக்கவாட்டில் எடுக்கும் படத்திலே, அருகிலுள்ள கம்பங்களும் நிழல்மரங்களும் சாய்ந்து நிற்கும். தொழிற்சாலையிற் கொழுந்து வாட்டும் இடத்துக் காற்றாடியின் அலகுகள் வளைந்து அரிவாள்போலக் காணப்படும். இதுவும் முற்றிலும் புதிய குறையன்று. 1910களின் முற்பகுதியில் பிரெஞ்சு நாட்டு ஜாக் ஆன்றி லார்த்தீக் எடுத்த புகழ்பெற்ற பந்தயக்காரின் படத்திற் சக்கரம் முன்னோக்கிச் சாய்ந்திருப்பதற்கும், பிளவுபட்ட திரையொன்று தகட்டின்மீது நகர்ந்து சென்றமையே காரணம்.

மூன்றாவது விளக்கொளியைப் பற்றியது. இலங்கையின் மின்னோட்டம் செக்கனுக்கு 50 சுற்றுடையது. ஆதலாற் பழைய குழல்விளக்குகள் செக்கனுக்கு 100 தடவை ஒளிர்ந்து மங்கும். கண் இதனை உணராது. கமராவின் மூடுதிரை நேரம் இத்துடிப்போடு பொருந்தாவிடின், தொழிற்சாலையின் உட்காட்சி முழுவதிலும் கருநிறப் பட்டைகள் ஏறியிறங்கும். செக்கனில் 50இல் ஒரு பங்கு அல்லது 100இல் ஒரு பங்கு என்று நேரத்தை அமைத்தால் ஒவ்வொரு படமும் முழுத்துடிப்புகளையே பெறும், பட்டை தோன்றாது. கனன் 5டி மார்க் 2 வெளிவந்தபொழுது இந்நேரத்தைப் பயனர் தாமே அமைக்கும் வசதி வீடியோவில் இருக்கவில்லை. 2009 ஜூனில் வந்த மென்பொருள் திருத்தத்தாலே அவ்வசதி கிடைத்தது. செக்கனுக்கு 25 படம் எடுக்கும் வசதி 2010 மார்ச்சில் வந்தது.

நான்காவது, பதிவைச் சுருக்குவதால் நேர்வது. மேற்கூறிய கனன் கமராக்கள் வீடியோவை எச்.264 என்னும் முறைப்படி சுருக்கின. அம்முறை படத்தைச் சிறு கட்டங்களாக வகுத்து, முன்படத்திலிருந்து மாறியவற்றையே பெரிதும் குறித்துக்கொள்கிறது. நிற விவரத்தை நான்கு புள்ளிகளுக்கு ஒன்றாகக் குறைக்கின்றது. ஒவ்வொரு நிறத்துக்கும் 256 ஒளிப்படிகளையே வைத்துக்கொள்கிறது. வெண்மையிலிருந்து சாம்பலுக்குப் படிப்படியாகக் கரையும் மூடுபனி, இச்சுருக்கத்தில் மாடிப்படிபோன்ற பட்டைகளாகப் பிளவுறும். காற்றில் ஒருங்கே அசையும் பல்லாயிரம் தேயிலை இலைகளும் மழைத்தாரையும் கட்டங்கட்டமாகக் கலங்கும்.

இக்குறைகளால் மிகவும் பாதிக்கப்படுவது இரவுநேரப் பதிவாகும். மாசி மாதத்திலே தோட்டங்களில் ஆடப்பெறும் காமன் கூத்து இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. தப்பொலியோடு இரவில் நிகழும் அக்கூத்தைத் தீவெளிச்சத்திலும் குழல்விளக்கிலும் பதியுங்கால், இருளிலே மணல் தூவினாற் போன்ற புள்ளிகளும், அவற்றைச் சுருக்க முயன்ற கட்டங்களும் ஆடுவோர் முகத்தை மறைத்துவிடும். மேலும், கனன் 5டி மார்க் 2இன் ஒரு கோப்பு 4 கிகாபைற்று அளவை எட்டியதும் பதிவு நின்றுவிடும்; உயர்தரத்தில் அது ஏறத்தாழ 12 நிமிடமே. மீண்டும் தொடங்குமுன் ஆடப்பெற்ற பகுதி பதிவில் இராது. கூத்தின் அமைப்பை அப்பதிவைக் கொண்டு ஆராயும் மாணவன், கருவி நின்ற இடத்தைக் கூத்தின் காட்சிப்பிரிவு என்று கொள்ளும் அபாயம் உண்டு.

குறைகளைக் குறைக்கும் வழிகள் அவற்றின் காரணத்திலிருந்தே பெறப்படும். அலைக்கோலம் தோன்றின் நிற்கும் தூரத்தையோ கோணத்தையோ வில்லையின் குவிய நீளத்தையோ சற்று மாற்றலாம். துவாரத்தை அகலத் திறந்து கூரையைக் குவியத்துக்கு வெளியே விட்டு மங்கச்செய்யலாம். கமராவை முக்காலியில் நிறுத்தி மெதுவாகத் திருப்பினால் சாய்வு குறையும். செக்கனுக்கு 25 படமும், 50இல் ஒரு பங்கு மூடுதிரை நேரமும் இந்நாட்டு விளக்குக்கு ஏற்றவை. பகலொளியில் அந்நேரம் மிகுதியாகுமாயின், ஒளிகுறைக்கும் கண்ணாடியை வில்லையின்முன் பொருத்தலாம். கமரா தானே செய்யும் கூர்மையேற்றத்தைக் குறைத்துவைத்தலும் நன்று. 2012இல் வந்த கனன் 5டி மார்க் 3இன் 5760 நிரல்கள் 1920இன் சரியான மும்மடங்கு. வரிகளை விடாது மூன்று மூன்றாகச் சேர்த்துப் படித்தமையால் மோய்ரே அதிற் பெரிதும் ஒழிந்தது. இன்று கண்ணாடியற்ற கமராக்களும் கைபேசிகளும் அவ்விடத்தைப் பிடித்துள்ளன. அவற்றிலும் இக்குறைகள் குறைந்த அளவில் உள்ளனவேயன்றி முற்றாக நீங்கவில்லை.

எடுத்து முடிந்த படத்தைத் திருத்துவதோ வேறு வகையான வினா. அக்காலப் பதிவுகளைச் செயற்கை நுண்ணறிவு மென்பொருள்களாற் கூர்மையாக்குவது இன்று எளிதாகிவிட்டது. மங்கிய முகத்துக்கு இமையும் பல்லும் வரைந்து தருவன அவை. ஆயின் பதியப்படாத விவரத்தை எந்த மென்பொருளும் மீட்கமாட்டாது. பிற முகங்களைக் கொண்டு ஊகித்து இட்டு நிரப்புகின்றது. ஏட்டிற் சிதைந்த இடத்தைத் தம் சொல்லால் நிரப்பி, அதனை நூலாசிரியன் வாக்கென்றே அச்சிடுதற்கு ஒப்பானது அது. நல்ல பதிப்பாசிரியர் சிதைவைச் சிதைவென்றே காட்டுவர், தம் ஊகத்தை அடிக்குறிப்பில் வைப்பர், ஏட்டைப் பேணுவர். வீடியோவிலும் கமரா தந்த முதற்கோப்பை மாற்றாது பேணுதலும், திருத்திய படியைத் திருத்தியது என்று குறித்து வேறாக வைத்தலுமே முறையாகும்.

எல்லாவற்றினும் பெரிய குறை ஒன்று எக்கருவியாலும் நேர்வதன்று. கமரன் அம்மையார் 1878இல் எடுத்த படமொன்று ‘களுத்துறைக் குடியானவர் குழு’ என்னும் பெயரால் வழங்குகின்றது. அவர் ஆங்கில நாட்டிற் படமெடுத்த தெனிசன், ஹேர்ஷல் முதலியோர் பெயர் உலகறிய நிற்க, இப்படத்தில் நிற்போரின் பெயர் அத்தலைப்பில் இடம்பெறவில்லை. கொழுந்து பறிக்கும் பெண்கள் என்ற அளவோடு நின்றுவிட்ட பழைய அஞ்சலட்டைகளும் பல. மோய்ரேயை வடிகட்டியாற் போக்கலாம். விடுபட்ட பெயரை நூறாண்டின் பின் எவராலும் மீட்டல் அரிது. ஆதலால் இன்று தோட்டங்களிற் பதிவு செய்வோர், ஒவ்வொரு கோப்போடும் பதியப்பட்டவர் விரும்பின் அவர் பெயரையும், தோட்டத்தையும் அதன் பிரிவையும், நாளையும், கமராவின் வகையையும், செக்கனுக்கு எத்தனை படம் என்பதையும், பதிவு இடையில் நின்ற இடங்களையும் ஒரு தாளில் எழுதி இணைத்தல் வேண்டும். கூரைமேல் ஊரும் அலையைக் கருவியின் பிழையென்று ஒதுக்கி, அக்கூரையின்கீழ் வாழ்ந்தோரை அவர்தம் பெயரால் அறிவதற்குப் பின்வரும் மாணவர்க்கு அத்தாள் துணைசெய்யும்.